எச்.ஐ.வி.யின் மூன்று நொதிகளும் அவற்றின் கையைக் கட்டும் மாத்திரைகளும்

சேலம் மாமாங்கம் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், வேதியியல் கணக்கில் மக்னீசியம் கார்பனேட். அந்த மக்னீசியம் கல்லில் மட்டும் இல்லை, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் கரைந்திருக்கிறது. நம் செல்லுக்குள் நுழையும் எச்.ஐ.வி. கிருமி, தன் மூன்று நொதிகளில் இரண்டை ஓட்டுவதற்கு அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இன்று கொடுக்கும் கூட்டு மருந்து மாத்திரையில் மூன்று மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று குறிவைத்துப் பிடிப்பதும் அந்த மக்னீசியத்தையே. ‘நெஞ்செரிச்சல் மருந்தோடு சேர்த்து இதைப் போடாதீங்க’ என்று மருந்து தருபவர் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே வேதியியல்தான்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறைய விதிகள் சொல்லப்படுகின்றன. காரணம் சொல்லாத விதி நாலு மாதத்தில் மறந்துபோகும். கிருமிக்குள் எந்த நொதி என்ன வேலை செய்கிறது, மருந்து அதில் எந்த அசைவை நிறுத்துகிறது என்று தெரிந்துவிட்டால், அநேகமாக எல்லா விதிகளுக்கும் காரணம் தானாகவே கிடைத்துவிடும்.

நொதி என்பது ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட வேதி வேலையை வேகமாகச் செய்து முடிப்பதே அதன் தொழில். வேகவைத்த ஜவ்வரிசியை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. எந்த நொதியும் தன் முழு உருவத்தாலும் வேலை செய்வதில்லை. அதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், உடைப்பதும் ஒட்டுவதும் அந்தப் பள்ளத்தில்தான் நடக்கும். பள்ளம் அடைபட்டாலோ கோணிப்போனாலோ நொதி இருந்தும் பயனில்லை.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில், ஏறக்குறைய 9,700 எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. நம் மரபுச் செய்தி சுமார் 300 கோடி எழுத்து. இவ்வளவு சிறியதாக இருப்பதால் அதனால் தனியாக எதையும் செய்துகொள்ள முடியாது. ரத்தத்தில் உள்ள சிடி4 என்ற வெள்ளையணுவுக்குள் புகுந்து, அந்த அணுவின் பட்டறையையே பயன்படுத்திப் பெருகுகிறது. தன் சொந்தச் சரக்காக அது கொண்டுவருவது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டக்ரேஸ், புரோட்டியேஸ் என்ற மூன்று நொதிகளை. இந்த மூன்றும் நமக்குத் தேவைப்படாதவை. அதனால்தான் நம்மைப் பெரிதாகப் பாதிக்காமல் அவற்றை மட்டும் தாக்க முடிகிறது.

கொக்கி இல்லாத கண்ணி

நம் செல்லில் டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்படும். எச்.ஐ.வி. செய்வது தலைகீழ்: தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. அப்படி எழுதும் நொதிதான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். இப்படி ஒரு நொதி உண்டு என்பதை 1970இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் காட்டினார்கள். 1975இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வேறு வைரஸ்களை. எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1983இல்தான். அந்த 13 ஆண்டு முன்வேலை இல்லாதிருந்தால் முதல் மருந்து இன்னும் தாமதமாகியிருக்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு பக்கம் முந்தைய கண்ணியில் மாட்டும், மறுபக்கம் அடுத்த கண்ணி மாட்ட இடம் தரும். டி.என்.ஏ. சங்கிலியும் இப்படித்தான் நீள்கிறது. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு சர்க்கரை வளையம் உண்டு. அந்த வளையத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடிதான் அடுத்த எழுத்துக்கான கொக்கி. இரண்டையும் பற்றவைக்கும் இடத்தில் இரண்டு மக்னீசியம் அயனிகள் நின்று வேலையை நடத்துகின்றன.

இங்கே மருந்து செய்வது ஏமாற்று வேலை. அசல் கண்ணி போலவே தோற்றம், ஆனால் மறுபக்கக் கொக்கி கிடையாது. ஜிடோவுடினில் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். லாமிவுடினில் அந்த இடமே காலி. டெனோஃபோவிரில் சர்க்கரை வளையமே இல்லை. நொதி இதை அசல் என்று நம்பி சங்கிலியில் கோத்துவிடும். அடுத்த கண்ணியை மாட்ட இடம் இருக்காது. டி.என்.ஏ. பாதியில் நின்றுபோகும், அந்தக் கிருமியின் கதை அந்த அணுவுக்குள்ளேயே முடியும்.

ஜிடோவுடின் 1964இல் புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டு, பயன்படாது என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. 1987இல் எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது அதுவே.

இன்னொரு விவரமும் உண்டு. மாத்திரையாக விழுங்கும்போது இந்த மருந்துகள் நேரே வேலை செய்வதில்லை. செல்லுக்குள் போனபின் நம் நொதிகள் இவற்றின்மேல் பாஸ்பேட் துண்டுகளை ஒட்டவேண்டும். லாமிவுடினுக்கு மூன்று துண்டு. டெனோஃபோவிர் ஏற்கெனவே பாஸ்பேட் போன்ற ஒரு துண்டோடு வருவதால் இன்னும் இரண்டு போதும். இப்படித் தயாரான வடிவம் செல்லைவிட்டு எளிதில் வெளியேறாது. ரத்தத்தில் மருந்து குறைந்த பிறகும் செல்லுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை போதுமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் நம் சொந்த டி.என்.ஏ. எழுதும் நொதிகள் இந்தப் போலிக் கண்ணியில் ஏமாறாதா? செல்லின் உட்கருவில் இருப்பவை கண்டிப்பானவை, போலியைப் பெரும்பாலும் தள்ளிவிடும். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதி அவ்வளவு கறார் இல்லை. ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து அங்கேதான் கெடுதல் செய்தது. கன்னம் ஒட்டிப்போவது, பாதம் எரிவது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவது எல்லாம் அதனால் வந்தவை. அந்த மருந்து இப்போது புழக்கத்தில் இல்லை. ஆனால் அதன் பேர் இன்னும் இருக்கிறது. ‘கூட்டு மருந்து சாப்பிட்டால் முகம் ஒட்டிவிடும்’ என்று சொல்லி ஒருவரைத் தயங்கவைப்பவர்கள், 20 ஆண்டுக்கு முந்தைய மருந்தின் பழியை இன்றைய மருந்தின்மேல் சுமத்துகிறார்கள். அந்தத் தயக்கத்தால் உயிரே போகலாம்.

டெனோஃபோவிரில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். மருந்து வெளியேறும் வழி அதுதான். சிலருக்கு சிறுநீரகக் குழாய்ச் செல்களில் அது தேங்கிப் பாதிக்கும். அதனால்தான் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள். முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது இந்தப் பாதிப்பைக் கூட்டும். வலிக்கு என்ன போடலாம் என்று மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே நொதியை வேறு வழியில் மடக்கும் மருந்துகளும் உண்டு: எஃபாவிரென்ஸ், நெவிரபின். இவை போலிக் கண்ணிகள் அல்ல. வேலை நடக்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொந்தில் போய்ச் சொருகிக்கொள்ளும். கதவுக் கீலில் குச்சி மாட்டினால் கதவு அசையாதல்லவா, அதுபோல நொதி விறைத்துப்போகும். இந்தப் பொந்து எச்.ஐ.வி.–1 வகையில் மட்டும் இப்படி அமைந்திருக்கிறது. எச்.ஐ.வி.–2 வகைக்கு இந்த மருந்துகள் வேலை செய்யாது. பரிசோதனையில் வகையைக் குறித்துவைப்பது அதற்காகத்தான்.

மக்னீசியத்தைப் பிடிக்கும் கை

எழுதி முடித்த டி.என்.ஏ.யை நம் டி.என்.ஏ.க்குள் நுழைத்துத் தைப்பது இன்டக்ரேஸின் வேலை. முதலில் கிருமி டி.என்.ஏ.யின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்துகளை நறுக்கி முனையைத் தயார்செய்யும். பிறகு உட்கருவுக்குள் போய், நம் டி.என்.ஏ.யை வெட்டி அந்த முனைகளை ஒட்டும். ஒட்டிவிட்டால் அந்தச் செல் சாகும்வரை கிருமியின் செய்தி அதில் இருக்கும்.

நறுக்குவதற்கும் ஒட்டுவதற்கும் இந்த நொதியின் பள்ளத்தில் இரண்டு மக்னீசியம் அயனிகள் தேவை. இன்றைய கூட்டு மாத்திரையில் இருக்கும் டொலுடெக்ராவிர் என்ற மருந்தின் மூலக்கூறில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஒரே தளத்தில், வரிசையாக நிற்கும். இடுக்கியின் வாய்போல அவை அந்த இரண்டு மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். மருந்தின் மறுமுனை கிருமி டி.என்.ஏ.யின் நுனியை ஒதுக்கித் தள்ளும். நறுக்கிய முனை கையில் இருந்தும் ஒட்ட வழியிருக்காது.

பிடி எவ்வளவு உறுதி என்பதிலும் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. இந்த வகையில் முதலில் வந்தது 2007இல் அனுமதி பெற்ற ரால்டெக்ராவிர். சோதனைக்கூட அளவீட்டில், நொதியைப் பிடித்த ரால்டெக்ராவிர் மூலக்கூறுகளில் பாதி சுமார் 9 மணி நேரத்தில் கழன்றுவிடும். டொலுடெக்ராவிரில் பாதி கழல 71 மணி நேரம் ஆகும். ரால்டெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள், இது ஒரு வேளை போதும்.

இப்போது நெஞ்செரிச்சல் மருந்துக்கு வருவோம். ஜெலுசில், டைஜீன் போன்ற மருந்துகளில் இருப்பது மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும். டொலுடெக்ராவிருக்கு நொதியில் உள்ள மக்னீசியம், பாட்டிலில் வந்த மக்னீசியம் என்ற பாகுபாடு தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் சந்தித்தால் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த பொருளைக் குடல் உறிஞ்சாது, மலத்தோடு போய்விடும். சேர்த்துச் சாப்பிட்டபோது உடம்பில் சேரும் மருந்து ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது என்று அளந்திருக்கிறார்கள். மாத்திரை தவறாமல் விழுங்கியும் கிருமி குறையவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

கணக்கு இதுதான்: நெஞ்செரிச்சல் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிர் போடவேண்டும். இரவு 8 மணிக்கு மாத்திரை போடுபவர், அந்த மருந்தைப் பகல் 2 மணிக்குள் குடிக்கலாம், அல்லது இரவு 10 மணிக்குப் பிறகு குடிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் வேண்டாம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளில் இந்த உலோகங்கள் இல்லை. அவை டொலுடெக்ராவிரைத் தடுப்பதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை விஷயமும் இதே வழிதான், ஆனால் ஒரு சலுகை உண்டு: சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே 2 மணி, 6 மணி இடைவெளி. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரை இந்த வகை என்பதால் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். சித்த மருந்து எடுப்பவர்களும் யோசிக்க வேண்டிய இடம் இது. அயச்செந்தூரத்தில் இருப்பது இரும்பு, சங்கு பஸ்பத்தில் இருப்பது கால்சியம். மறைக்காமல் மையத்தில் சொல்லிவிட வேண்டும்.

அப்படியென்றால் மக்னீசியம் உள்ள உணவைக் குறைத்தால் கிருமி பட்டினி கிடக்குமா? கிடக்காது. நம் செல்லின் நூற்றுக்கணக்கான நொதிகளுக்கும் அது வேண்டும். கீரையும் பயறும் தாராளமாகச் சாப்பிடலாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். அந்த மருந்து கல்லீரலைத் தூண்டி டொலுடெக்ராவிரை வேகமாக அழிக்கவைக்கும். அதனால் 50 மில்லிகிராம் ஒரு வேளை என்பதை இரண்டு வேளையாக, 12 மணி நேர இடைவெளியில் தருவார்கள். ரிஃபாம்பிசின் நின்ற பிறகும் இரண்டு வாரம் அதே அளவு தொடரும், ஏனென்றால் கல்லீரல் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறும். நாளுக்கு மொத்தம் 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது வழக்கம்.

வெட்டப்படாத வேட்டிகள்

தைக்கப்பட்ட செய்தியைப் படித்து நம் செல் கிருமிக்கான புரதங்களைத் தயாரிக்கிறது. அவை தனித்தனியாக வருவதில்லை. சேலம் வெண்பட்டு வேட்டி தறியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து நெய்யப்பட்டு, பிறகே அளவு பார்த்து வெட்டப்படும். அதுபோலக் கிருமியின் புரதங்களும் ஒரே நீளமாக வந்து விழும். அதைச் சரியான இடங்களில் வெட்டுவது புரோட்டியேஸ். 99 அமினோ அமிலம் கொண்ட இரண்டு ஒத்த பாதிகள் கத்தரிபோலச் சேர்ந்தால்தான் இந்த நொதி உருவாகும். மற்ற இரண்டைப்போல இதற்கு மக்னீசியம் வேண்டாம். இரு பாதியிலிருந்தும் ஒவ்வொரு ஆஸ்பார்ட்டிக் அமிலம் நடுவில் நின்று, ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கொண்டு புரதத்தை அறுக்கும்.

அட்டசனாவிர், லோபினாவிர், தருனாவிர் ஆகிய மருந்துகள் எல்லாம் இந்தக் கத்தரியின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும், வெட்டுப்படாத துண்டுகள். இந்த மருந்து இருக்கும்போதும் செல்லிலிருந்து கிருமி வெளியே வரும். ஆனால் உள்ளே புரதம் வெட்டப்படாமல் கிடப்பதால் அது பக்குவப்படாத கிருமி, அடுத்த செல்லைத் தொற்ற முடியாது.

இவற்றைக் கல்லீரல் வேகமாக அழித்துவிடும் என்பதால் 100 மில்லிகிராம் ரிட்டோனாவிரைத் துணைக்குச் சேர்ப்பார்கள். அது கல்லீரலின் அந்த நொதியை மந்தப்படுத்தும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: அதே நொதியால் அழியவேண்டிய மற்ற மருந்துகளும் உடம்பில் தேங்கும். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் தேங்கினால் விரல்களுக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டுகூட உடம்பெல்லாம் பரவி முகம் வீங்கவைக்கும். அட்டசனாவிரில் கண் மஞ்சளாவது பலருக்கு வரும். அது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வெளியேறும் வழி தடைபடுவதால், பெரும்பாலும் கல்லீரல் கெட்டதால் அல்ல. ஆனாலும் பரிசோதித்துத்தான் அப்படிச் சொல்லவேண்டும்.

ஒரு மருந்து ஏன் போதாது

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எழுதியதைச் சரிபார்ப்பதில்லை. சில பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விடும். 9,700 எழுத்துச் செய்தியில் ஓர் எழுத்து மாறுவதற்குச் சுமார் 29,000 வழிகள்தான் உள்ளன. சிகிச்சை எடுக்காதவர் உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி அளவில் கிருமிகள் பிறக்கின்றன. ஆகவே ஒற்றை எழுத்து மாற்றம் எதுவானாலும் அது அன்றன்றைக்கே எங்காவது பிறந்துவிடுகிறது.

லாமிவுடினைத் தோற்கடிக்க அந்த நொதியின் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலம் வந்தால் போதும். வேலினின் பக்கக்கிளை போலிக் கண்ணியின் வளையத்தில் முட்டும், அசல் கண்ணிக்கு இடம் விடும். எஃபாவிரென்ஸுக்கு 103ஆம் இடத்தில் ஒரு மாற்றம். ஆனால் மூன்று மருந்தையும் ஒரே நேரத்தில் தோற்கடிக்கும் மாற்றங்கள் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேர்வது மிக மிக அரிது. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் மரணங்கள் சரிந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இந்தியாவில் அரசு இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. இப்போது முதலில் தரப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரே நொதியை, மூன்றாவது வேறு நொதியை மடக்குகிறது.

மாத்திரையை நடுநடுவே விட்டுவிட்டுப் போடுவது, முழுதாக நிறுத்துவதைவிடச் சில சமயம் அதிகச் சேதம் செய்யும். மருந்து அரைகுறையாக இருக்கும்போது கிருமியும் பெருகும், மருந்தை எதிர்க்கும் கிருமிக்கு வாய்ப்பும் கூடும். எஃபாவிரென்ஸ் இருந்த பழைய மாத்திரையில் இது கண்கூடாகத் தெரிந்தது. நிறுத்தினால் மற்ற இரண்டும் சில நாளில் போய்விடும், எஃபாவிரென்ஸ் ஒரு வாரத்துக்கு மேலும் தனியாக நிற்கும். தனியாக நிற்கும் மருந்தை வெல்ல கிருமிக்கு ஓர் எழுத்து மாறினால் போதும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடவேண்டும். ஈடுகட்ட இரண்டாகப் போடக்கூடாது. ஏற்காட்டில் பனியும் மழையுமாக இருக்கும் மாதங்களில் மாத்திரையை வேறு டப்பாவிலோ காகிதத்திலோ மாற்றி வைத்தால் ஈரம் கோத்துவிடும். வந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல், மூடியை இறுக்கி வைக்கவேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்துபோனால் எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போகும். உடல்நிலை சீராக இருப்பவர், ஒரே தடவையில் சில மாதத்துக்கான மாத்திரை தர முடியுமா என்று மையத்தில் தயங்காமல் கேட்கலாம்.

மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உள்ளவர்கள் சொந்த முடிவில் நிறுத்துவது இன்னொரு வகையில் ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியின் நொதியையும் அடக்கிவைக்கின்றன. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பாய்ந்து வரும்.

தூங்கும் செல்

மருந்து கிருமியின் நொதிகளை நிறுத்திவிட்டாலும் கிருமி ஏன் முழுதாகப் போவதில்லை? நொதி இயங்கினால்தான் நொதியைத் தடுக்கும் மருந்துக்கு வேலை. கிருமியின் டி.என்.ஏ. தைக்கப்பட்ட சில சிடி4 செல்கள் ஆண்டுக்கணக்கில் ஓய்வில் இருக்கும். அங்கே எழுதவும் இல்லை, தைக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. மருந்துக்குப் பிடிக்க ஒன்றுமே இருக்காது. இப்படிப்பட்ட செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் முழுதும் தீர 60 ஆண்டுக்கும் மேல் ஆகும்.

மாத்திரையை நிறுத்தினால் தூங்கிய செல்களில் சில விழிக்கும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் கிருமி திரும்பத் தெரியும். அந்த நேரத்தில் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை: சிகிச்சை தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது.

பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தொலைபேசியில் கேட்க இலவச எண் 1097.